உருகாத கம்பி

எங்கள் கட்டிடத்தில் நாலு குடித்தனம். கீழே பின்பக்கம் இஸ்திரி அக்கா குடும்பம், அவர்களுக்கு நேர் மேலே நான், கீழே முன்பக்கம் வீட்டு ஓனர். மாடி முன்பக்கத்துக்கு மட்டும் அடிக்கடி ஆள் மாறும். ஓனரிடம் எதைக் கேட்டாலும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். அதனால் அவருக்கு அப்புறம் சார் என்று பெயர். குழாய் ஒழுகினாலும் அப்புறம், மாடிப்படியில் பல்பு போனாலும் அப்புறம். “என்னைக் கல்யாணம் பண்ணினது ஒண்ணுதான் இவர் உடனே பண்ணின காரியம்” என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவும் அவள் கணவரும் இருபது வருடம் கரிப்பெட்டியால் துணி தேய்த்தவர்கள். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். சட்டையின் கையை மடிக்கும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி இருப்பார். இருபது வருடக் கரிப்புகை அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “கரி வேணுமா, மூச்சு வேணுமா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்குங்க.” அக்கா அன்றைக்கே இரண்டு கரிப்பெட்டிகளையும் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு, இரண்டு மின்சாரப் பெட்டிகள் வாங்கி வந்தாள்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டு பெட்டியையும் ஒன்றாகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பட்டென்று எல்லாம் நின்றுவிடும். மாடிப்படிக்கு அடியில் வரிசையாக நாலு மெயின் ஸ்விட்ச், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைப் பீங்கானில் ஒரு ஃபியூஸ் கட்டை. அக்கா வீட்டுக் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால் நடுவில் இருக்கும் கம்பி உருகி, பீங்கானில் கரும்புள்ளி விழுந்திருக்கும்.

முதல் தடவை ஒயர்மேன் வந்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன். தலைமுடி போல ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார்.

“இது ஏன் இவ்வளவு மெல்லிசா இருக்கு தெரியுமா? வயர் தாங்கற அளவுக்கு மேல கரண்ட் போனா, வயர் சூடாகறதுக்கு முன்னாடி இது சூடாகி உருகிடணும். இது உருகினா கரண்ட் நின்னுடும். வயர் பிழைச்சுக்கும், வீடும் பிழைச்சுக்கும்.”

“அதுக்காக தெனம் மூணு வேளை உருகணுமா?” என்றாள் அக்கா.

“உங்க வீட்டு வயர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட பழைய வயரும்மா. ஒரு பெட்டிக்குமேல தாங்காது. மீட்டர்லேர்ந்து தனியா தடிமனா ஒரு லைன் இழுக்கணும். அதுவரைக்கும் ஒரு நேரத்துல ஒரு பெட்டி.” பிறகு கட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டே, “உங்க வீட்ல யாருக்கு முதல்ல கோவம் வரும்?” என்று கேட்டார்.

“எனக்குத்தான்.”

“அப்போ நீங்கதான் அந்த வீட்டுக்கு ஃபியூஸ்” என்றார். அண்ணன்கூட அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார், இருமல் வரும்வரைக்கும்.

தனி லைன் இழுக்க ஓனரிடம் கேட்டார்கள். அப்புறம் பாத்துக்கலாம் என்றார்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்தன. போதாததற்குப் பக்கத்துத் தெரு லாட்ஜிலிருந்து படுக்கை விரிப்புகள். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை. இரண்டைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஒயர்மேன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா மேலே வந்து என் வாசலில் நின்றாள்.

“உங்கிட்ட கம்பி ஏதாவது கெடக்கா? கட்டை மாட்டறதை ஒயர்மேன் பண்ணும்போது பாத்திருக்கேன், நானே போட்டுடறேன்.”

என்னிடம் பழுதான டேபிள் ஃபேன் ஒன்று இருந்தது. அதன் வயரை வெட்டிக் கொடுத்தேன். அக்கா உறையை உரித்தாள். உள்ளே மெல்லிய செம்பு இழைகள் கொத்தாக இருந்தன. “ஒண்ணு போட்டாதானே போகுது” என்று பத்துப் பன்னிரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கினாள். ஒயர்மேன் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. முறுக்கிய முனையை அவள் பல்லால் கடித்து நேராக்கியபோது நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் ஃபியூஸ் போகவே இல்லை. இரண்டு மாதம். இரண்டு பெட்டியும் காலையிலிருந்து மாலைவரை ஓடின. “ஒயர்மேனுக்கு இனி இங்க வேலை இல்ல” என்று நான்தான் அவளைக் கிண்டல் செய்தேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மதியம் அக்கா லாட்ஜுக்கு விரிப்புகள் கொடுக்கப் போனாள். பக்கத்துத் தெருதானே, கால்மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று தன் பெட்டியை அணைக்காமல் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுவில் மூச்சு முட்டியிருக்க வேண்டும். அவரும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள் அறையில் போய்ப் படுத்துவிட்டார். உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. முன் அறை வழியாகத்தான் வெளியே வர முடியும்.

சுவரோடு ஓடிய மரப்பட்டிக்குள் அந்தப் பழைய வயர் இரண்டு மாதமாகச் சூடாகிச் சூடாகி உறை கருகிப்போயிருந்தது. அன்றைக்குப் பற்றிக்கொண்டது. நேர் கீழே துணி அலமாரி. தீ பெரிதாகப் பரவவில்லை. ஓடி வந்தவர்கள் மெயினை நிறுத்திவிட்டு, நனைத்த சாக்குகளைப் போட்டே அணைத்துவிட்டார்கள். புகைதான் அதிகம். ஏற்கெனவே பாதி மூச்சில் வாழ்ந்த மனுஷன்.

மருந்துக்கடை வேலையிலிருந்து நான் ஓடி வந்தபோது அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டைக் காலரை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. “தூங்கறப்பகூட கசங்காம தூங்குவார்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நாலாம் நாள் மின்சார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முன் அறையைப் பார்த்தார். இரண்டு பெட்டிகளும் நிமிர்ந்து நின்றபடியே இருந்தன. மரப்பட்டியைத் தட்டினார், கரி உதிர்ந்தது. பிறகு மாடிப்படிக்கு அடியில் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் உருகியிருக்க வேண்டிய பொருள் அது ஒன்றுதான். அது மட்டும் அப்படியே இருந்தது.

அவர் வருவதற்கு முன்பே அக்காவின் கொழுந்தன் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். “அண்ணி, கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்க. வீடு ஓனரோடது, வயர் ஓனரோடது. தனி லைன் கேட்டதுக்கு ஊரே சாட்சி. அவர்தான் பதில் சொல்லணும்.” அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. அப்புறம் சார் சுவரோரமாக நின்றிருந்தார். வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“இதை யார் போட்டது?” என்றார் அதிகாரி.

விடுதியிலிருந்து வந்திருந்த அக்காவின் மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம்.

“நான்தான் போட்டேன்” என்றாள் அக்கா.

“கம்பி ஏது?”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “வீட்ல கெடந்தது” என்றாள்.

மகளின் கை தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. அதிகாரி போனபிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அப்பாவுக்குப் புகை ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்றே துணிகளை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அக்காவிடம் போனேன். “நான் உங்க பொண்ணுகிட்ட சொல்லிடறேன்க்கா. கம்பி குடுத்தது நான்னு.”

அவள் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவக் கழுவக் கறை பரவியதே தவிரப் போகவில்லை.

“சொல்லி?” என்றாள். “ஒருத்தி மேல கோவப்படறதே அவளுக்குப் பெரிய பாரம். ரெண்டு பேரை வெறுத்துட்டு அந்தப் பொண்ணு எப்படிப் படிக்கும், எப்படித் தூங்கும்? முறுக்கினது என் கை. நீ உன் வேலையைப் பாரு.”

அவள் அதை என்னை மன்னிப்பதற்காகச் சொன்னாளா, மகளுக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

அப்புறம் சார் அந்த மாதமே ஆள் வைத்துக் கட்டிடம் முழுக்க வயர் மாற்றினார். யாரும் கேட்காமலே செய்தார். அக்காவைப் பார்த்தால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போவார். அக்கா அதற்குப்பின் இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் துணி மடிக்கிற வேலைக்குப் போனாள். மடிப்பது மட்டும். தேய்க்கிற மேசைக்கு மாற்றிவிடலாமா என்று இரண்டு தடவை கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆனால் அவள் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வேலைக்குக் கிளம்பும்முன் மாடிப்படிக்கு அடியில் குனிந்து நாலு கட்டைகளையும் பார்ப்பாள். கடையில் அளவு சொல்லி வாங்கிய ஃபியூஸ் கம்பி அட்டையை அங்கேயே ஆணியில் மாட்டி வைத்தாள். யார் வீட்டில் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மெயினை அணைக்கச் சொல்வாள். உடனே போட்டுவிட மாட்டாள். “என்ன என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு?” என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடியிருந்தால் அவ்வளவுதான், வகையாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஒற்றைக் கம்பியை மாட்டுவாள். விரலால் இரண்டு தடவை தடவிப் பார்ப்பாள், ஒன்றுதான் இருக்கிறதா என்று.

மாடி முன்பக்கத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், விஷயம் தெரியாமல், “ஃபியூஸ் அக்கா” என்று விளையாட்டாகக் கூப்பிட்டார். நாங்கள் எல்லாம் பதறிப்போனோம். அக்கா, “என்னப்பா, மறுபடி போயிடுச்சா?” என்று எழுந்து போனாள்.

மகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கூடவே வேலை பார்த்தவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அக்காவுக்குச் சேதி கொழுந்தன் மூலம்தான் வந்தது. ஆறு வருடத்தில் மகளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. மருமகன்தான் முதலில் பேசினார். புது வீட்டுக்கு வந்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை வாங்க அத்தை என்றார்.

அக்கா போய்விட்டு வந்த சாயங்காலம் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“வீடு நல்லா இருக்கு. உள்ள போனதும் என் கண்ணு அங்கதான் போச்சு. சுவத்துல சின்னதா ஒரு பெட்டி, வரிசையா ஸ்விட்ச் மாதிரி. கட்டையே இல்ல. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அவ பின்னால வந்து நின்னா.”

“என்ன சொன்னா?”

“‘அளவுக்கு மேல கரண்ட் போனா அந்த ஸ்விட்ச் தானா கீழ விழுந்து நின்னுடும். இங்க யாரும் கம்பி போட முடியாது’ன்னா.” அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “குத்திக் காட்டறாளா, பயப்படாதேங்கறாளா? நீ படிச்சவ, சொல்லு.”

நான் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போனேன். அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவள் பதிலை எதிர்பார்க்கவில்லை. டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய் வருகிறாள். மருமகன் பேசுவார். மகள் டீ போட்டுக் கொடுப்பாள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பாள், அப்பா பேச்சை எடுக்கமாட்டாள். அம்மா என்ற வார்த்தை மட்டும் இன்னும் அவள் வாயில் வரவில்லையாம். போன தடவை கிளம்பும்போது அக்காவே அதைச் சொன்னாள், யாரோ ஒருத்தர் வீட்டு விஷயம் மாதிரி.

“வருத்தமா இல்லையாக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு” என்றாள். “ஆனா கதவைத் தொறக்கறாளே.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனாள்.