மாற்றிப் பார்க்க ஆள்

எங்கள் தீவின் சமபுலா பகுதியில் இருந்த வீட்டில் ஸ்பீக்கருக்கான கம்பிகளை நானும் என் மனைவியின் தம்பியும் கையாலேயே செய்தோம். அவன் வீட்டு வயரிங் கம்பியை முறுக்கினான். நான் டெலிபோன் வயர்களைச் சடை போலப் பின்னினேன். எது மேல் என்று எப்போதும் சண்டைதான். ஒருவர் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று கம்பியை மாற்றுவார், மற்றவர் கண்ணை மூடிக் கேட்பார். பாட்டுக் கேட்டால் காது ஏமாந்துவிடும், ரேடியோ செய்திதான் சரியான சோதனை என்பது அவன் சட்டம்.

அப்படி அவன் கண்ணை மூடியிருந்தபோதுதான் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

“இதுதான் மாமா. ஒரு வார்த்தை விடாம தெளிவா கேக்குது,” என்றான். கண்ணைத் திறக்கவில்லை.

மாட்டியிருந்தது என் கம்பி. ஜெயித்த எனக்கு அதைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

பிறகு அவன் குடும்பத்தோடு ஆக்லாந்து போய்விட்டான். நானே எழுந்து கம்பியை மாற்றிவிட்டு வந்து உட்காருவதற்குள் முன்பு கேட்ட சத்தம் காதை விட்டுப் போய்விடுகிறது. எத்தனை முறை முயன்றாலும் இதே கதைதான்.

“இன்னும் அதே கம்பியா மாமா? என்னுதையும் போட்டுப் பாருங்களேன்,” என்கிறான் போனில்.

போடலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்க இங்கே யார் இருக்கிறார்கள்?