செத்துப்போன சுல்தானுக்கு ஆமீன்

எங்கள் அரூர்ப் பள்ளிவாசலில், வெள்ளிக்கிழமை உரை நிகழ்த்தும் ஹஜ்ரத் கையில் பிடித்துக்கொள்ளும் அஸாக்கோல் இன்னும் மேடையின் மூலையில்தான் சாய்ந்திருக்கிறது. பிடிக்கும் இடத்தில் வார்னிஷ் போய் மரம் வழவழத்துக் கிடக்கிறது. அது பழைய ஹஜ்ரத்தின் கை செய்த வேலை. தொண்டை கட்டினாலும் அரபியில் தங்குதடையில்லாமல் ஓதுவார். எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் புரியாது. புரியாததாலேயே ஆமீனைச் சற்று உரக்கச் சொல்வோம்.

அந்த உரையின் முடிவில் நாடாளும் மன்னருக்காக இறைவனிடம் துஆ கேட்பது பழைய வழக்கம். அங்கே யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவரே அரசர் என்று ஒரு காலத்தில் ஊர் அறிந்துகொள்ளுமாம். எங்கள் ஹஜ்ரத், தம் தகப்பனாரிடம் மனப்பாடம் செய்தபடியே, வாரம் தவறாமல் ஒரு துருக்கி சுல்தானின் ஆட்சி நீடிக்க வேண்டிவந்தார். ரியாத்தில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவருக்கு அது புரிந்துவிட்டது. தொழுகை முடிந்ததும், "ஹஜ்ரத், அந்த சுல்தான் செத்து, அவங்க அரசாங்கமே போயி எத்தனையோ காலம் ஆச்சுங்களே" என்றார், மெதுவாகத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்துவந்த முத்தவல்லி முகம் கறுத்துக் கேட்டார்: "அப்ப இத்தன வருசம் நாம தொழுத ஜும்மா செல்லுமா, செல்லாதாங்க?" என்னைப் பெற்ற அத்தா அந்த வருடம்தான் மவுத்தாகியிருந்தார். பாதி அளந்த துணியைக் கடையில் அப்படியே போட்டுவிட்டு ஜும்மாவுக்கு ஓடிய மனிதர். அவரால் இனித் திரும்பத் தொழ முடியாது. ஹஜ்ரத் கோலைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளி கூட்டம் வாசல் வரை நின்றது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. அரபி உரைக்கு முன் தமிழில் ஹஜ்ரத் சொன்னார்: "நாம தொழறது அல்லாவுக்குங்க. ராஜா இருந்தாலும் இல்லாட்டியும் அது செல்லும். உங்க வூட்டுப் பெரியவங்க தொழுததும் செல்லும். தப்பு என்னுதுங்க. அந்த மனுசனுக்கு இனி ராஜ்யம் வேணாம், மன்னிப்புதான் வேணும்." பிறகு மேடையேறினார். மன்னருக்கான இடத்தில், ஆள்கிறவர்கள் நீதியாக நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். சுல்தானின் பெயர், இறந்தவர்களுக்கான துஆவில் வந்தது. வாரம் முழுக்க ஊர் பேசிய பெயர் என்பதால் எல்லோருக்கும் தெரிந்தது. அர்த்தம் தெரிந்து நான் சொன்ன முதல் ஆமீன் அதுதான்.

இப்போதிருக்கும் ஹஜ்ரத் இளையவர். அந்த சுல்தான் பெயர் அவருக்குத் தெரியாது. அவர் கையும் கோலில் வழவழத்த அதே இடத்தில்தான் போய் நிற்கிறது. இறந்தவர்களுக்காக அவர் கேட்கும்போது நான் வாய்க்குள் சுல்தானையும் அத்தாவையும் பழைய ஹஜ்ரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். அத்தா தொழுதது செல்லும் என்று ஊர் கேட்கச் சொன்னவர் அவர். ஆமீன் மட்டும் என்னையறியாமல் உரக்க வந்துவிடுகிறது.