முதல் பக்கத்திலிருந்து இறங்கிய தோட்டம்

இணையத்தில் 'மாத்தளை ஸ்பைஸ் கார்டன்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்த மனிதரின் தோட்டம் முதலில் வரக்கூடாது. முதல் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு காலத்தில் நான் எழுந்ததும் நினைத்தது இதைத்தான். கோயிலுக்குப் போனாலும் இதைத்தான் கேட்டேன். இப்படியொரு வேண்டுதலை எங்கள் மாரியம்மன் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டாள்.

அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். அதைச் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

கண்டியிலிருந்து சீகிரியாவுக்குப் போகும் சுற்றுலா வேன்கள் மாத்தளையைத் தாண்டியதும் ரோட்டோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் நிற்கும். கறுவா, மிளகு, ஏலம், கொக்கோ என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம்பர் போட்ட பலகை இருக்கும். வழிகாட்டி ஒருவன் வந்தவர்களைச் சுற்றிக் காட்டி, மூலிகைத் தேநீர் கொடுத்து, தோளைப் பிடித்துவிட்டு, கடைசியில் எண்ணெய்ப் போத்தல் விற்கும் கடைக்குள் கொண்டுபோய் விடுவான். நான் அந்த மனிதரின் தோட்டத்தில் அப்படியொரு வழிகாட்டி.

ரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள். கூட வேலை செய்த வழிகாட்டிகள் காதால் கேட்டே ஆங்கிலம் பழகியவர்கள். முதல் மரத்தில் தொடங்கினால் கடைசி மரம் வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அதற்கு எங்களுக்குள் 'பாடம்' என்று பேர். நடுவில் வெள்ளைக்காரர் ஏதாவது கேட்டுவிட்டால் பாடம் அறுந்துபோகும். நான் பாடம் சொல்லாமல் பேசுவேன். அதனால் முதலாளிக்கு என்னைப் பிடித்திருந்தது. அல்லது அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடக்கில் யுத்தம் முற்றிக்கொண்டிருந்த கடைசி வருடங்கள் அவை. வேன்கள் குறைந்துவிட்டன. வருகிற கொஞ்சப்பேரும் ஊரிலிருந்து கிளம்புமுன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் பெயர் சொல்லி இறங்குகிறார்கள் என்பதை நான் கவனித்தேன். மாத்தளை டவுனில் ஒரு நெட் கஃபே இருந்தது. வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து, ஒன்றொன்றாகப் படித்து, முதலாளிக்கு ஒரு வெப்சைட் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்து வைத்தால் மட்டும் போதாது, மற்ற தளங்கள் நம்மைச் சுட்டிக்காட்டினால்தான் தேடுதளம் நம்மை மேலே தூக்கும் என்று தெரிந்ததும், விடுதிக்காரர்களுக்கும் பயணக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் மின்னஞ்சல் போட்டுப் போட்டு இணைப்புக் கேட்டேன். தோட்டம் முதலிடத்துக்கு வந்தது. முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் பொலிஸார் நான் வந்த பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். என் பையில் வெளிநாட்டு மின்னஞ்சல் முகவரிகள் அச்சடித்த தாள்கள் இருந்தன. தமிழ்ப் பொடியன், அடையாள அட்டையில் தேயிலைத் தோட்டத்து விலாசம், கையில் வெளிநாட்டு முகவரி. அந்த நாட்களில் இதற்கு மேல் என்ன வேண்டும்? பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் முதலாளியின் நம்பரைச் சொன்னேன். அதிகாரி என் முன்னாலேயே போன் எடுத்து, சத்தமாக வைத்து, இப்படி ஒருவன் உங்களிடம் வேலை செய்கிறானா என்று சிங்களத்தில் கேட்டார்.

"அப்படி யாரும் என்கிட்ட இல்லை" என்றது முதலாளியின் குரல். நல்ல சுத்தமான சிங்களத்தில் சொன்னார். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து பொறுப்பு நிற்கும் வரைக்கும் என்னை விடவில்லை. உள்ளே பட்டதை இங்கே எழுதப்போவதில்லை. போனில் கேட்ட குரலைத்தான் எழுத வேண்டும்.

வெளியே வந்ததும் நேரே வேலைக்குப் போனேன். முதலாளி கடைவாசலில் நின்றார்.

"வந்துட்டியா? அடிகிடி பட்டுச்சா?" என்றார்.

"என்னைத் தெரியாதுன்னு சொன்னீங்களே, மொதலாளி?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? பொண்டாட்டி புள்ள உள்ளவன் நானு. நெலம அப்படி. ஒனக்காக நான் போயி உள்ள குந்தவா?"

"வெப்சைட் வேலைக்குத்தானே அந்தத் தாள கொண்டு போனேன்."

"அத இனி மருமகன் பாத்துக்குவாரு. பாஸ்வேர்ட எல்லாம் மாத்தியாச்சு. நீ கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத." பிறகு, நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "லயத்துல இருந்து ரோட்டு வரைக்கும் வந்துட்ட. அதுவே ஒனக்குப் பெருசு. போ" என்றார்.

பயந்து சொன்னதை மன்னித்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எல்லோரும் பயந்த காலம்தானே அது. அந்தக் கடைசிப் பேச்சை மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க முயற்சி செய்யவும் இல்லை.

அதே ரோட்டில், கொஞ்சம் தள்ளி, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவருக்குச் சின்னத் தோட்டம் ஒன்று இருந்தது. போர்டு மங்கி, வேன் எதுவும் நிற்காத தோட்டம். நான் போய், வெப்சைட் செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

"என்னத்த மகன் செய்யப் போற? எனக்கு கொம்பியூட்டர்ல ஒண்டும் வெளங்காது" என்றார் நானா.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், நானா. வேன் வரவைக்கிறேன்."

"ஏன், அவரோட கோவமா?"

"ஆமா."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "கோவக்காரன் நல்லா வேல செய்வான். வா."

உண்மைதான். ஆத்திரம் என்னை உட்காரவிடவில்லை. சீகிரியாவுக்கு பஸ் ஏறிப்போய், வெளிநாட்டவர் தங்கும் சின்னச் சின்ன விடுதிகளின் படியேறினேன். சிங்களத்தில் பேசி, "உங்கள் வெப்சைட்டில் படங்கள் சரியாகத் திறக்கவில்லை, நான் சரிசெய்து தருகிறேன். பதிலுக்கு எங்கள் தோட்டத்தின் பெயரை ஒரு மூலையில் இணைப்போடு போடுங்கள்" என்று கேட்டேன். பலர் சம்மதித்தார்கள். திரீவீல்காரர்களோடு நின்று பிளேன்டீ குடித்தேன். ஏறுகிறவர்கள் வழியில் என்னென்ன கேட்கிறார்கள் என்று அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். யாரும் கறுவாவைப் பற்றிக் கேட்கவில்லை. ரிவர்ஸ்டன் மலைக்கு எப்படிப் போவது, பனிமூட்டம் எப்போது விலகும், அட்டை கடித்தால் என்ன செய்வது, இதைத்தான் கேட்டார்கள்.

அதையெல்லாம் எழுதினேன். நான் பிறந்து வளர்ந்த மலைதானே. எந்த வளைவில் பஸ் நிற்கும், எந்த மாதத்தில் காற்று ஆளைத் தள்ளும், அட்டைக்குச் சவர்க்காரத்தை எப்படிக் காலில் தேய்ப்பது என்று எனக்குத் தெரிந்ததை நானாவின் தளத்தில் போட்டேன். பயணிகள் பேசிக்கொள்ளும் இணைய மன்றம் ஒன்றில் யார் எங்கள் மாவட்டத்தைப் பற்றிக் கேட்டாலும், தோட்டத்து ஆள் என்று என்னைச் சொல்லிக்கொண்டு, ஒளிக்காமல் பதில் எழுதினேன். வந்தவர்களின் படங்களை அவர்களைக் கேட்டு சமூக வலைத்தளத்தில் ஏற்றினேன். அவர்கள் ஊருக்குப் போனதும் அதைத் தங்கள் நண்பர்களுக்குக் காட்டினார்கள். பிறர் தாங்களாகவே எங்கள் பக்கத்தைச் சுட்டத் தொடங்கினார்கள்.

நெட் கஃபேயில் முதலில் நான் திறப்பது தேடுதளத்தைத்தான். நாங்கள் மூன்றாம் பக்கத்தில் இருந்தோம். பிறகு இரண்டாம் பக்கம். பிறகு முதல் பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டோம். முதலாளி இன்னும் உச்சியில் இருந்தார். நான் சம்பாதித்துக் கொடுத்த இணைப்புகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். என்னுடைய கையாலேயே தூக்கி வைத்த ஆளை இறக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் பின்னேரம் நெட் கஃபேக்குள் பழைய கூட்டாளிகள், அவருடைய வழிகாட்டிகள் எல்லோரும், தோட்டத்து டீ-சர்ட்டோடு வந்து நுழைந்தார்கள்.

"என்னண்ணே, திருவிழாவா?" என்றேன்.

"மருமகன் அனுப்பினாருடா. அந்த மன்றத்துல நம்ம தோட்டத்தப் பத்தி நல்லா எழுதணுமாம். வெள்ளக்காரன் எழுதுற மாதிரி. ஆளுக்கு ஒண்ணு."

"எழுதுவீங்களா?"

"ஏன், எங்களுக்கு இங்கிலீஷ் வராதாக்கும்? வருசக்கணக்கா பேசுறோம். நீதான் பெரிய படிச்ச தொர!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவர் மற்றவரிடம், "ஜெர்மனிக்காரன்னு போடு, நான் பிரான்ஸ் போட்டுட்டேன்" என்றார். ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி அடித்தார்கள். எட்டிப் பார்த்தேன். எல்லோரும் எழுதியது பாடத்தைத்தான். நம்பர் ஒன், கறுவா, வயிற்றுக்கு நல்லது. நம்பர் டூ, மிளகு, சளிக்கு நல்லது. ஜெர்மனிக்காரனும் பிரான்ஸ்காரனும் அதே வரிசையில், அதே வார்த்தையில், கடைசியில் "இப்போது கடைக்குப் போவோம், சேர், மேடம்" என்றுதான் முடித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் அது ஒன்றுதான். அதுவும் ஒரே இடத்திலிருந்து, ஒரே பின்னேரத்தில்.

"சரியாடா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

"அருமையா இருக்குண்ணே" என்றேன்.

இது பிடிபட்டுவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அதற்காக வருத்தப்பட்டதாகவும் இங்கே எழுதமாட்டேன்.

மன்றத்தை நடத்துகிறவர்கள் அத்தனையையும் அழித்தார்கள். அதோடு விடவில்லை. இந்தத் தோட்டத்தார் தங்களைத் தாங்களே புகழ்ந்து பொய்யாக எழுதியிருக்கிறார்கள் என்று தோட்டத்தின் பெயருக்கு மேலே சிவப்பில் ஓர் எச்சரிக்கை போட்டார்கள். தோட்டத்தின் பெயரைத் தேடினால் இப்போது முதலில் வருவது அந்தச் சிவப்புதான். எனக்குத் தெரிந்த விடுதிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே முதலாளியின் தோட்டத்துக்குக் கொடுத்திருந்த இணைப்பை எடுத்தார்கள். பழைய பயணக் குறிப்புக்காரர்களும் எடுத்தார்கள். 'மாத்தளை ஸ்பைஸ் கார்டன்' என்று அடித்த ஒரு காலையில் நானாவின் தோட்டம் உச்சியில் இருந்தது. அவருடையதை முதல் பக்கத்தில் காணவில்லை. நெட் கஃபேக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு வேறு யாரிடம் காட்டுவதென்றும் தெரியவில்லை.

முதலாளி நேரே நானாவின் தோட்டத்துக்கு வந்தார். கையில் மங்குஸ்தான் பை.

"தம்பி, அந்தச் செவப்ப எடுத்து விடு" என்றார். நான் அவருக்குத் தம்பியானது அன்றைக்குத்தான்.

"அது என் கையில இல்லீங்க. மன்றத்துக்காரங்க போட்டது."

"வெளயாடாத. ஒனக்குத் தெரியாதது இதுல என்னா இருக்கு? நீதான் போட்ட, நீதான் எடுக்கணும்."

"சத்தியமா நான் போடலீங்க."

அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரில் அவருடைய பெயரின் மேல் சிவப்புப் பூசவும் துடைக்கவும் முடிந்த ஆளாக என்னை நினைத்துவிட்டார். நான் அதைத் திருத்தவில்லை. மன்றத்துக்கு உண்மையை ஒப்புக்கொண்டு எழுதி, வந்துபோகிற ஆட்களையே அவர்கள் மனதில் பட்டதை எழுதச் சொன்னால், நாளடைவில் அந்த எச்சரிக்கை விலகும். எனக்கு அது தெரியும். எப்படிச் சரிசெய்வது என்று அவர் கேட்கவில்லை. எடுத்து விடு என்று மட்டும்தான் கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அவர் போனதும் நானா என்னிடம், "பாவம் மகன், ஏதாவது வழி இருந்தா சொல்லிக் கொடேன்" என்றார்.

"அவரு கேக்கட்டும், நானா."

கேட்கவில்லை. மறுபடி மறுபடி வந்தார். அதையே சொன்னார். ஒருநாள் அப்படி வந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்று என்னோடு மன்றாடிக்கொண்டிருந்தபோது வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் புதிதாகக் கல்யாணமான ஜோடி. ரிவர்ஸ்டன் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு வந்தவர்கள். என் பக்கத்தில் ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டையோடு நிற்பதைப் பார்த்து, அவரும் தோட்டத்து ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பெண் புன்னகையோடு கமராவை அவர் கையில் கொடுத்து, எங்கள் மூன்று பேரையும் போர்டு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"பட்டன் மேல இருக்குங்க, மொதலாளி" என்றேன்.

எடுத்தார். நானாவின் போர்டில் இருந்த பெயர் ஓர் எழுத்துக் குறையாமல் விழுந்திருந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கி, அன்றைக்கே அந்தப் படத்தைத் தளத்தின் முகப்பில் ஏற்றினேன்.