ஒரே ஓனர் ரத்தம்

பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் என் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் தயாளன், ஜுருவில் பழைய கார் விற்பவர். காரைக் காடி என்போம் எங்கள் ஊரில். அவர் வாழ்நாளில் பேசியதை எல்லாம் சல்லடையில் போட்டுச் சலித்தால் மிஞ்சுவது இரண்டே சொல்: "ஒரே ஓனர்." டாக்சியாக ஓடித் தேய்ந்த காடிகூட அவர் கைக்கு வந்துவிட்டால், யாரோ ஓர் ஆசிரியை பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஓட்டிய காடியாகிவிடும். கதவைத் திறந்தால் கருவாட்டு நாற்றம் அடிக்குமே என்று கேட்டால், "டீச்சருக்குக் கருவாடுன்னா உயிரு லா" என்பார்.

பாசார் சந்தைக்கு எதிரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் யூசுப், தயாளனுக்குப் பள்ளிக்கூட நாள் முதல் கூட்டாளி. அவருக்கும் தயாளன் ஒரு ஒரே ஓனர் வேன் விற்றார். கல்யாணச் சோறும் மட்டன் கறியும் ஏற்றிக்கொண்டு போன முதல் நாளே, வேன் பினாங்குப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. கடலுக்குள் இருந்த மீன்களெல்லாம் தலையைத் தூக்கிக் கறி வாசனை பிடித்தன. அதில் ஒன்று ஏப்பம் விட்டதை நான் பஸ்ஸில் இருந்து என் இரண்டு காதாலும் கேட்டேன். வேனின் பதிவுப் புத்தகத்தில் இருந்த பழைய ஓனர்களின் பெயர்களைப் பட்டறைக்காரர் படிக்கப் படிக்க யூசுப்பின் முகம் கறுத்துக்கொண்டே போனது. அன்றோடு பேச்சு நின்றது. யூசுப் கடையில் தினமும் உட்காரும் மூலை மேசை தயாளனுக்கு இல்லாமல் போனது. அவர் ஊரில் உள்ள கடை கடையாகத் தேநீர் குடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் கழனித் தண்ணி" என்று மனைவி வடிவம்மாளிடம் புலம்பினார். குறை தேநீரில் இல்லை என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சத்துக் குறைவு, முதலில் இரும்புச்சத்து ஏற்றிக்கொள்ளுங்கள், பிறகு வெட்டலாம்" என்றும் சொன்னார்கள்.

"சர்வீஸ் பண்ணாத காடிய ரோட்டுல எறக்க மாட்டீங்களாக்கும்" என்றார் தயாளன்.

"ஆமா அங்கிள். ஒங்க சொந்த ரத்தம் பலமா இருந்தா, அடுத்தவங்க ரத்தம் தேவைப்படாம போகலாம்" என்றாள் லோகேஸ்வரி. பாயான் பாருவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வருகிறவள். அறுவையின்போது இதயத்தை நிறுத்தி வைப்பார்கள் அல்லவா? அந்த நேரத்தில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்கிற இயந்திரத்தை ஓட்டுகிறவள் அவள்தான்.

"மெஷின் டியூப்புல மொதல்ல உப்புத் தண்ணி இருக்கும். அப்படியே விட்டா ஒங்க ரத்தம் நீத்துப் போயிடும். அதனால ஒங்க ரத்தத்தையே டியூப்புக்குள்ள விட்டு அந்தத் தண்ணிய வெளிய தள்ளிடுவோம். சிந்துற ரத்தத்தையும் உறிஞ்சி, கழுவி, ஒங்களுக்கே திருப்பிக் குடுத்துடுவோம். இப்பல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க மண்டைய ஒடைச்சிக்கிறது இதுக்குத்தான்."

"கழுவுறீங்க, சரி. பாலிஷ் போடுவீங்களா?"

"அதுக்கு நீங்க ஜுருவுக்குத்தான் போவணும்."

விஷயம் யூசுப் காதுக்கு எட்டியது. அவர் யாரிடமும் சொல்லாமல் ரத்த வங்கிக்குப் போய், தயாளன் பெயரைச் சொல்லி ஒரு பை ரத்தம் கொடுத்தார். யாரிடமும் என்றால், அன்று கடையில் சாப்பிட்டவர்களைத் தவிர.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கு மாற்றிய பிறகு லோகேஸ்வரி பார்க்க வந்தாள். "அங்கிள், ஒரு பைகூட ஏத்தல. உள்ள ஓடுறது எல்லாம் ஒங்க ஒரிஜினல்தான்."

தயாளனுக்குக் கண் கலங்கியது. வாழ்நாள் முழுக்கச் சொன்ன வசனம் முதல் தடவையாக உண்மையாகியிருக்கிறது. வார்டு முழுக்கக் கேட்கும்படி அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரம் அடுக்குப் பாத்திரத்தில் மீன் சூப்போடு யூசுப் உள்ளே நுழைந்தார்.

"எப்படிடா இருக்க? என் ரத்தம் உள்ள போனதும் மூஞ்சி எப்படித் தெளிஞ்சிருக்கு பாரு!"

தயாளன் திறந்த வாயை மூடினார். மூலை மேசை கண்முன் வந்து போனது. "ஆமாண்டா" என்றார். "ஜம்முன்னு ஓடுது."

லோகேஸ்வரி, கட்டிலின் சக்கரத்தில் ஏதோ அதிசயத்தைக் கண்டவள்போலக் குனிந்துகொண்டாள்.

மூலை மேசை திரும்பக் கிடைத்தது. ஆனால் மட்டன் கறி கிடைக்கவில்லை.

"கொழுப்புல கலக்கவாடா என் ரத்தத்தக் குடுத்தேன்?" என்று, வேகவைத்த கீரையையும் பாலும் சர்க்கரையும் போடாத தே ஓ கோசோங் தேநீரையும் கொண்டுவந்து வைப்பார் யூசுப். தயாளன் யாரிடமாவது குரலை உயர்த்தினால், "கோவப்படாத, அங்க கொதிச்சா எனக்கு இங்க தலை சுத்துது" என்பார். அடுத்த மேசையில் கோழி கடிபடும் சத்தம் கேட்கும். தயாளன் கீரையை மெல்லுவார். யூசுப் கொடுத்த பை உண்மையில் யாருக்குப் போனதோ தெரியாது. இந்தத் தீவில் எங்கோ ஒருவர் காரணமே இல்லாமல் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்து அதட்டிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம்.

இதையெல்லாம் தயாளன் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் யூசுப் எதிரில் வந்து உட்கார்ந்து, "கடைக்கு ஒரு வேன் வேணும். நீயே பாத்துக் குடு" என்றபோதுதான் கீரை தொண்டையில் சிக்கியது.

"மறுபடியுமா? எங்கிட்டயா?"

"என் ரத்தம் என்னையே ஏமாத்துமா?"

அந்த வாரம் முழுக்கத் தயாளன் ஜுருவைச் சலித்து நல்ல வேன் ஒன்று பிடித்தார். தானே அடியில் படுத்துப் பார்த்தார். பாலத்தில் போகவர ஓட்டியும் பார்த்தார். கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நெஞ்சுத் தழும்பைத் தடவிக்கொண்டே, "யூசுப்பு, இது மூணு ஓனர்டா" என்றார்.

கடையே நிமிர்ந்து பார்த்தது. ரொட்டி வீசிக்கொண்டிருந்தவரின் ரொட்டி அந்தரத்திலேயே நின்றது. அது கீழே இறங்குவதற்குள் ஒருவர் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டு முடித்தார்.

"அலாமாக்! தயாளன் வாயில உண்ம! பாத்தீங்களா என் ரத்தத்த!" என்று துள்ளினார் யூசுப்.

 தயாளன் இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மையை ஒருமுறை ருசி பார்த்தவருக்கு நாக்கு அடங்கவில்லை.

"இன்னொன்னும் கேட்டுக்க. ஒன் ரத்தத்துல ஒரு சொட்டுகூட எனக்கு ஏத்தல. என் ரத்தத்தையே கழுவித் திருப்பி விட்டுட்டாங்க. நீ மறுபடியும் எங்கிட்ட பேசாம போயிடுவியேன்னுதான் சொல்லல. உள்ள ஓடுறது..." நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "ஒரே ஓனர்."

 யூசுப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடையே சேர்ந்து சிரித்தது.

"சத்தியமாடா! மெஷின் ஓட்டுன லோகேஸ்வரியக் கேளு!"

"ஏன், அந்தப் பொண்ணுக்கும் காடி விக்கப் போறியா?" யூசுப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பழைய தயாளன் இன்னும் கொஞ்சம் உள்ள பாக்கி இருக்கான். இருக்கட்டும்லா, அவனையும் எனக்குப் புடிக்கும்."

மூலை மேசையைத் துடைத்துவிட்டு, சர்க்கரை போடாத தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் ஒரு தட்டு கீரை.