மைதானத்துப் புல்

மொட்டைமாடி உரக் குவியலுக்குள் செருகி வைத்திருக்கும் இரும்புக் கம்பியை உருவி, உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பதுதான் காலையில் அவர் செய்யும் முதல் வேலை. சூடு தாங்காமல் கம்பியைக் கீழே போட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்கு ஒரு குறையும் இராது. வெதுவெதுப்பாக மட்டும் இருந்தாலோ முகம் தொங்கிப்போகும். உடனே மண்வெட்டியை எடுத்துக் கிளறத் தொடங்கிவிடுவார்.

“இந்தக் குப்பைக்குக் காய்ச்சல் பாக்குற அக்கறையில பாதி எனக்குப் பாத்திருந்தா நான் ஏன் டாக்டர்கிட்ட போறேன்?” என்று துணி உலர்த்த மாடிக்கு வரும் மனைவி கேட்பாள்.

“உன் சூடுதான் வாயிலயே தெரியுதே, கம்பி எதுக்கு?” என்பார் அவர்.

நகரத்து விளையாட்டு மைதானம் ஒன்றில் அவர் புல் பராமரிப்பவர். புல்லை வெட்டுவது, உருளை ஓட்டுவது, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது, களைக்கு மருந்து தெளிப்பது ஆகிய யாவும் அவர் பொறுப்பு. குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் பெரியவர்களுக்கு அவர் மைதானக்காரர். பிள்ளைகளுக்கு உர மாமா. வாசலில் நாறிக்கொண்டிருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போய், ஒருநாள் வீடு வீடாகப் படியேறி, காய்த்தோலையும் தேயிலைச் சக்கையையும் முட்டை ஓட்டையும் தனி வாளியில் போடும்படி எல்லாரையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தவர் அவர். ஆறிய சோற்றை வாளியில் போட்டவர் யாரென்று வாளியைத் திறந்ததுமே கண்டுபிடித்து, அந்த வீட்டு வாசலிலேயே நின்று பாடம் நடத்திவிடுவார். அவருடைய உரம் மழைக்காட்டு மண்ணைப் போல மணக்கும். மாடியில் வரிசை கட்டிய தொட்டிகளிலும், வீட்டு ஜன்னல்களில் தொங்கிய டப்பாக்களிலும் தக்காளியும் கத்தரியும் காய்த்ததற்கு அந்த உரமே காரணம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவருக்குச் சற்றும் இல்லை.

அந்த உரத்தை நம்பிப் பிழைத்தவள் கீழ்த்தளத்து நாற்றுக்காரி. கட்டடத்தின் பின்புறச் சந்தில் தட்டுகளை அடுக்கி, மிளகாய், தக்காளி நாற்றுகளை வளர்த்து வாரச்சந்தையில் விற்பாள். கணவன் லாரியோடு ஊர் ஊராய்ப் போகிறவன்; வீட்டை ஓட்டுவது பெரும்பாலும் அந்தத் தட்டுகள்தாம். விதையை எப்போதும் ஒரே கடையில்தான் வாங்குவாள். சந்தை முனையில் கண்ணாடிச் சீசாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விதைக்காரர், தம் வீட்டுக் கொல்லையில் தாமே பழுக்கவிட்டு எடுத்த நீள மிளகாய் விதையை வேறு எவருக்கும் கொடுக்குமுன் அவளுக்குத்தான் கொடுப்பார்.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. வழக்கமாக மரத்தூள் கொடுத்துவந்த தச்சுப்பட்டறை வேறிடத்துக்குப் போய்விட்டது. காய்ந்த பொருள் கலக்காத குவியல் சொதசொதத்து நாற்றமெடுத்தது. “உங்க மாடித் தோட்டம் எங்க மூக்குல வளருது” என்று இரண்டாம் மாடிக்காரர் படிக்கட்டில் மறித்துக் கேட்டார். மைதானக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. மைதானத்தின் கொட்டகையில் வெட்டிக் காயவைத்த புல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதில் மருந்து பட்டிருந்தது, தெளித்தவரும் அவரே. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் சுருட்டிச் சாகடிக்கும் மருந்து அது. அதை விற்றவன் தெளிவாகவே சொல்லியிருந்தான்: “இது பட்ட புல்லை மாட்டுக்கும் போடாதீங்க, உரத்துக்கும் போடாதீங்க. லேசுல போகாது.”

அவர் அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் சற்று நிம்மதியாவது இருந்திருக்கும். கொட்டகையில் நின்று யோசித்தார். அந்த எச்சரிக்கை, குப்பையைக் குழியில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பாராதவர்களுக்குச் சொன்னது என்று முடிவு செய்தார். தம் குவியலின் சூட்டில் எலும்பே கரையும், மருந்து எம்மாத்திரம்? மூட்டைகளை மாடிக்கு ஏற்றினார். நாற்றம் அடங்கியது. கம்பி கையைச் சுட்டது. இரண்டாம் மாடிக்காரரே வாய்விட்டுப் பாராட்டினார்.

உரம் கனிந்ததும், சலித்த முதல் மூட்டையை வழக்கம்போல நாற்றுக்காரிக்குக் கொடுத்தார்.

நாற்று முளைத்து இலை விட்ட நேரத்தில், அவள் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

“அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க. எல்லாத் தட்டும் இப்படியே இருக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

மிளகாய்க் கன்றுகளின் இலைகள் கரண்டியைப் போல உள்நோக்கிக் குவிந்திருந்தன. தண்டுகள் திருகிக்கொண்டு நின்றன. மைதானத்தில் மருந்து தெளித்த மறுவாரம் களைகள் எப்படி நிற்குமோ, அச்சு அசலாக அப்படி. பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

“விதை சரியில்லையோ என்னவோம்மா.”

“அப்படியா அண்ணா? அவர்கிட்டதானே எப்பவும் வாங்குறேன்?”

“வயசாயிடுச்சில்ல அவருக்கு. எதை எதோட கலந்தாரோ.”

அவள் தட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி இறங்கிப் போனாள்.

அன்று மாலையே அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், இரண்டு தொட்டிகளில் அவரை விதைகளை ஊன்றினார். ஒன்றில் தம் உரம். மற்றதில் வெறும் மண். தாம் நினைத்தது தவறு என்று அந்த விதைகள் சொல்ல வேண்டும் என்பதே அவருடைய ஒரே வேண்டுதலாக இருந்தது.

விதைகள் முளைக்குமுன் சந்தை நாள் வந்து போயிற்று. நாற்றுக்காரி படிக்கட்டிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா கேட்டுட்டேண்ணா. சந்தையே கூடிப்போச்சு. ‘எங்க கட்டடத்துல உரம் போடுற அண்ணனே பாத்துட்டுச் சொன்னாரு, விதைதான் கெட்ட விதைன்னு’ அப்படின்னு உங்க பேரைச் சொன்னதும் மனுஷன் எதிர்த்தே பேசல. பக்கத்துல விதை வாங்கிட்டிருந்த ரெண்டு பேர் அப்படியே பையைத் திருப்பிக் கொட்டிட்டுப் போயிட்டாங்க.”

“அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“‘நீ சொன்னா சரிதாம்மா’ன்னாரு. அவ்வளவுதான். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா என் தட்டெல்லாம் போச்சே, நான் என்ன பண்ண?”

நாற்றுக்காரி சொல்லக் கேட்டதல்லாமல், விதைக்காரரை மைதானக்காரர் நேரில் பார்த்துப் பேசியதுகூட இல்லை. முகம் தெரியாத ஒருவரைத் தம் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல் சந்தை நடுவே நிறுத்தி வைத்து அடித்திருக்கிறது. அவரோ திருப்பி அடிக்கவில்லை, நம்பிவிட்டார். அதுதான் மைதானக்காரரை உறங்கவிடாமல் அரித்தது.

அவரை விதைகள் முளைத்தன. வெறும் மண்ணில் இலைகள் கைவிரித்தாற்போல நின்றன. உரத்தில் முளைத்தவை கரண்டியாய்க் குவிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றன. குவியலில் செருகியிருந்த கம்பியை அன்று அவர் தொடவில்லை.

துணி எடுக்க வந்த மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

“தொட்டிக்குப் பின்னாடி என்ன பரீட்சை நடக்குது?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

“சும்மா வெச்ச செடியைப் பாத்தா எழவு வீட்டுல உக்கார்ந்திருக்கிற மாதிரி உக்காருவாங்க?”

அவர் சொன்னார். புல்லை, மருந்தை, விற்றவன் சொன்னதை, தாம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“நீயே பக்குவமா அவகிட்ட ஒரு வார்த்தை…” என்று அவர் இழுத்தார்.

“அந்தக் கதையே வேண்டாம். பொய் சொல்லும்போது என்னைத் துணைக்குக் கூப்பிட்டீங்களா? அவ சந்துல புது மண்ணு கலந்துட்டிருக்கா. வேற கடையில விதை வாங்கிட்டு வந்திருக்காளாம். அந்த மண்ணுல உங்க உரத்தைத்தான் கொட்டிட்டிருக்கா. நிக்காதீங்க, போங்க.”

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினார். நாற்றுக்காரி தரையில் உட்கார்ந்து, உரமும் மண்ணும் கலந்த கலவையைத் தட்டுகளில் நிரப்பிக்கொண்டிருந்தாள். விதைப் பொட்டலம் பிரித்தபடி பக்கத்தில் கிடந்தது.

“விதைக்காதம்மா. நிறுத்து.”

“ஏண்ணா?”

“விதைமேல தப்பில்ல. என் உரத்துலதான் தப்பு. மைதானத்துல மருந்தடிச்ச புல்லைக் கலந்துட்டேன்.”

அவள் கை கலவைக்குள்ளேயே நின்றது. “தெரியாம கலந்துட்டீங்களா?”

“தெரிஞ்சுதான். சூட்டுல போயிடும்னு நெனச்சேன்.”

“இதான்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் ஒரு பதிலைப் படியிறங்கும்போதே ஆயத்தம் செய்திருந்தார்: இன்று அவரையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று. பாதி உண்மை. அவள் முகத்தைப் பார்த்ததும் அது நாவில் வரவில்லை.

“நீ தட்டைத் தூக்கிட்டு மாடிக்கு வந்தியே, அப்பவே.”

அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். தட்டுகளில் நிரப்பியதை ஒவ்வொன்றாகச் சாக்கில் திருப்பிக் கொட்டினாள். அவர் உதவக் குனிந்தபோது, “விடுங்க” என்றாள். எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகுதான் பேசினாள்.

“என் நாற்று போனதுகூடப் பெரிசில்ல. அந்த மனுஷன் என்னைப் பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தாரு. அவரை நான் ஜனங்க முன்னாடி வெச்சுக் கேட்டேன். நீங்க எங்கிட்ட சந்துக்குள்ள வந்து சொல்றீங்க. இது எதுக்காகும்? நாளைக்குச் சந்தை. வாங்க.”

மறுநாள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு அவளோடு போனார். வழியெல்லாம் அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள். விதைக்காரர் மெலிந்த மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சீசாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்றுக்காரியைக் கண்டதும் துணியைக் கீழே வைத்தார்.

“இன்னும் ஏதாவது கெட்டுப்போச்சாம்மா?”

“இல்லப்பா. இவர்தான் நான் சொன்ன அண்ணன். உங்ககிட்ட பேசணுமாம்.”

மைதானக்காரர் பேசினார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தியே பேசினார். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விதைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவரை நிதானமாகப் பார்த்தார்.

“அப்ப என் மிளகா நல்லாத்தான் இருந்திருக்கு” என்றார்.

“நல்ல விதைங்க. அந்த விதையை இவங்களுக்கு மறுபடி கொடுங்க. நல்ல மண்ணு நான் கொண்டுவந்து தர்றேன்.”

“எங்கேருந்து கொடுக்க?” விதைக்காரர் வரிசையில் காலியாக இருந்த ஒரு சீசாவைக் காட்டினார். “சந்தேகம் வந்த விதையை வெச்சு விக்கக் கூடாதில்ல. அன்னைக்கே வடிகால்ல கொட்டிட்டேன். கொல்லையில நின்ன தாய்ச்செடியையும் பிடுங்கிட்டேன். நோய் ஏதாவது இருந்து மத்ததுக்கும் பரவிடப் போகுதுன்னு.”

நாற்றுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்த மைதானக்காரருக்கு, மன்னித்தாலும் திரும்பி வராத ஒன்று இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

“வேற யார்கிட்டயாவது இருக்குமா? நான் தேடிப் பிடிச்சு…”

“இருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேனா?” என்றார் விதைக்காரர். குரலில் கோபமில்லை; கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். காலால் ஒரு முக்காலியைத் தள்ளினார். “உக்காருங்க. நீங்க இப்பச் சொன்னது நாலு பேருக்குத்தான் கேட்டிருக்கும். அன்னைக்கு இவ சத்தம் போட்டது சந்தைக்கே கேட்டுச்சு. கேட்டவங்க ஒவ்வொருத்தரா வருவாங்க. எனக்கு வியாபாரம் இருக்கு. பதிலை நீங்க சொல்லுங்க.”

அவர் உட்கார்ந்தார். நாற்றுக்காரி கடையின் மறுபக்கம் குந்தி, பொட்டலம் மடித்துக் கொடுக்கத் தொடங்கினாள். சிறிது நேரத்தில் கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். சீசா வரிசையைக் கண்களால் துழாவினாள்.

“அந்த நீள மிளகா விதை இல்லையாப்பா? ஏதோ கெட்டுப்போச்சுன்னு பேசிக்கிட்டாங்களே, நெசமா?”

விதைக்காரர் தராசிலிருந்து தலை நிமிரவில்லை. நாற்றுக்காரியும் நிமிரவில்லை. மைதானக்காரர் முக்காலியை விட்டு எழுந்தார்.

“இல்லம்மா. அது நல்ல விதை. என்னாலதான் இல்லாமப் போச்சு.”

“உங்களாலயா? நீங்க யாரு?”

அவர் கொட்டகையில் கிடந்த புல் மூட்டைகளிலிருந்து சொல்லத் தொடங்கினார்.