கோடாலிக்குத் தைத்த உறை

ஐம்பதுகளின் கடைசியில் கண்டாவளையில் இருந்தேன். கந்தோரில் எழுத்து வேலை முடிந்து வந்தால் எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு, கத்திக்கும் உளிக்கும் மான்தோலில் உறை தைப்பது. வேட்டைக்காரர் தோலை உப்புத் தடவிக் கொண்டுவந்து தருவார்கள். உப்பைக் கழுவி, ஆவரசம்பட்டை ஊறலில் இரண்டு கிழமை போட்டுப் பதப்படுத்த வேண்டும்; அப்போதுதான் உப்பு முழுவதும் போகும்.

ஆனியில் பக்கத்துக் காணிக்காரர் காய்ச்சலில் இறந்தார். மூன்று கிழமை கழித்து அவருடைய மனைவி கோடாலியோடு வந்தார். நான் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன்.

"தம்பி, கத்திக்கெல்லாம் சட்டை தைக்கிறியளாம். இவரின்ரை கோடாலிக்கும் ஒண்டு தைச்சுத் தாங்கோ. முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கு முதல் வேணும்."

"ஏனக்கா அவ்வளவு அவசரம்?"

"யாழ்ப்பாணத்திலையிருந்து வாற ஆக்கள் சமையலுக்கு விறகு கொத்தக் கண்டதையும் தூக்குவினம். இது அவர் கடைசியாத் தீட்டின வாய். அப்பிடியே கிடக்கட்டும்."

இறந்தவர் இடக்கையர். கோடாலி வாயில் தீட்டுகல் இழுத்த கோடுகள், மற்றவர்கள் தீட்டுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

ஒன்பது நாள்தான் இருந்தது. ஐந்தாம் நாளே தோலை ஊறலிலிருந்து எடுத்தேன். தொட்டு நாக்கில் வைத்தேன்; உப்புக் கரித்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று தைத்துக் கொடுத்தேன். அதுவரை தைத்தவற்றில் அதுவே நேர்த்தியானது. அந்தியேட்டிக்கு இரவல் கோடாலியால் விறகு கொத்தினார்கள்.

ஆண்டுத் திவசம் முடியும்வரை அந்த வீட்டில் பூசை, பண்டிகை இல்லை. ஒரு மாரி முழுவதும் கோடாலி உறைக்குள்ளேயே தொங்கியது. அடுத்த வருட ஆயுத பூசைக்கு அக்கா உறையைக் கழற்றினார். பூசையில் தோல் வைப்பதில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

வாய் முழுவதும் துருவேறிக் கறள் பிடித்திருந்தது. சில இடங்களில் குழி விழுந்திருந்தது.

"உப்புப் போகேல்லை அக்கா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தைச்சனான்."

அக்கா கோடாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கறளோடை பூசைக்கு வைக்கேலாது. நீங்களே தீட்டித் தாங்கோ."

முற்றத்தில் இருந்து தீட்டினேன். அக்கா கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார். குழிகள் மறைய வெகுநேரம் பிடித்தது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது கோடுகள் எல்லாம் என் வலக்கைப்பக்கம் சாய்ந்திருந்தன. அக்காவும் அதைக் கண்டார். வாங்கிச் சந்தனம் பூசி, மண்வெட்டிக்குப் பக்கத்தில் சாத்தினார்.

மறுநாள் விசயதசமி. விடிந்ததும் பக்கத்து வளவில் விறகு கொத்தும் சத்தம் கேட்டது. வேலியால் பார்த்தேன். அக்காதான், அந்தக் கோடாலியால்.