முத்திரைக் காகிதத்தோடு ஓர் உறவுக்காரன்

ராயபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறேன். கையில், வெள்ளைக்காரன் கால நீதிமன்றம் முத்திரை குத்திய என் கொள்ளுத்தாத்தாவின் உயில் நகல். முகவரி அதில்தான் கிடைத்தது. முத்திரைக் காகிதத்தோடு வருகிறவனை எவரும் உறவென்று கட்டிப்பிடிப்பதில்லை என்பது என் வம்சாவளி ஆராய்ச்சிக்கு எட்டவில்லை.

வாசலில் துணி காயப்போடும் அந்த வீட்டுப் பெண் ஸ்டெல்லாவிடம் விளக்குகிறேன். கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மகன்கள், மூத்தவர் என் தாத்தா, இந்த வீட்டைப் பெற்ற இளையவர் அவளுடைய தாத்தா.

"எங்க தாத்தா ஒத்தப் புள்ள சார். வேற வூடு பாருங்க."

அவள் பின்னால் சுவர்ப்படத்தில் என் அப்பாவின் மூக்கு அப்படியே இருக்கிறது.

"எனக்கு வீடு வேண்டாம், வேர்தான் வேண்டும்."

"இப்டி சொல்லிகினு வர்றவன்தான் அப்பால வக்கீலோட வருவான்."

வேறு வழியின்றி உயிலின் கடைசி வரியைப் படிக்கிறேன்: 'என் ஆத்துமாவுக்காக மூத்த மகன் வழியார் வருஷந்தோறும் தம் செலவில் மாதா கோயிலில் பூசை கொடுக்க வேண்டியது.'

ஸ்டெல்லா துணியைக் கீழே வைக்கிறாள்.

"மூத்தவரு வூட்லயா குடுக்கணும்? இத்தினி வருசமா நாங்கல்ல குடுத்துகினு கீறோம். உள்ள வாண்ணே."

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் போனை எடுத்துவிடுகிறாள்.

"ஃபாதர், பூசைக்கு இனிமே எங்க அண்ணன் பேர எழுதிக்கோங்க. வருசா வருசம் அவுருதான்."